மூணு பதக்கம், ஒரே பதவி

ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்கிறது நமக்கொன்னும் புதுசு இல்ல. ராத்திரி ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க. புரோட்டா கடை பத்து மணிக்குத்தான் சூடு பிடிக்கும். வேற வழி? திரும்பி வரும்போதும் அதே சுவர்தான். ஆனா அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரத்துக்குள்ள உள்ளே போயிடணும்னு பதறிப்போய் சுவர் ஏறின ஆளை நான் இதுவரைக்கும் பார்த்தது இல்ல.

அப்படி ஒருத்தர் நிஜமாவே இருந்தார். 1747ஆம் ஆண்டு, நெதர்லாந்தில் பெர்கன் ஆப் ஜூம் என்ற கோட்டை முற்றுகையின்போது நடந்தது. வெளியே போயிருந்த ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திரும்பி வந்தபோது கதவுகள் மூடியிருந்தன. பெயர் கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனுஷன் யோசிக்கவே இல்லை, கோட்டைச் சுவரில் ஏறி உள்ளே இறங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கை மீறினார் என்று தண்டனை கொடுத்தார்கள். 75 ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட அவருடைய ராணுவ வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே தண்டனை அதுதான்.

ஆமாம், 75 ஆண்டுகளுக்கும் மேல். டைப்பிங் மிஸ்டேக் இல்ல.

அவர் பெயர் ழான் துரெல். பதினேழாம் நூற்றாண்டில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்க வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறந்தவர். சிப்பாயாகச் சேர்ந்தார், சிப்பாயாகவே இருந்தார். ஒரு புரமோஷன் கூடக் கிடையாது. ஆனால் ஒரு ராஜா அவரை அப்பா என்று அழைத்தார். இந்த மாத வாழ்க்கை வரலாறு பகுதியில் அவரைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

பிராக்ஸிக்கு வந்த ஆப்பு

1698 செப்டம்பர் மாதம், பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஓரேன் என்ற கிராமத்தில் துரெல் பிறந்தார். அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையைப் பிரமாண்டமாக எழுப்பிய அதே மன்னர். 1715இல் அவர் இறந்துபோக, ஐந்து வயதுக் குழந்தையான பதினைந்தாம் லூயி அரியணைக்கு வந்தார். அதற்கு அடுத்த வருடம், 1716 செப்டம்பர் 17ஆம் தேதி, பதினெட்டு வயதில் துரெல் தூரேன் என்ற காலாட்படை ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். பதவி: ஃபியூசிலியர். அதாவது துப்பாக்கி ஏந்திய சாதாரணச் சிப்பாய். நம்ம ஊர் ராணுவக் கணக்கில் சொன்னால் ஜவான்.

இந்த 1716ஆம் ஆண்டில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்தக் காலத்து பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு கம்பெனிக்கு கேப்டன்தான் கிட்டத்தட்ட முதலாளி மாதிரி. எத்தனை ஆள் இருக்கிறார்களோ அந்தக் கணக்குக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அறுபது பேர் என்று கணக்குக் காட்டிவிட்டு நாற்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டால் மிச்சப் பணம் கேப்டன் பாக்கெட்டில். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் வேலைக்காரன், தெருவில் போகிறவன் என்று யாரையாவது பிடித்து, சீருடை மாட்டி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். புரியுதா? சாட்சாத் நம்ம பிராக்ஸி அட்டெண்டன்ஸ்!

இந்தத் தில்லுமுல்லை நிறுத்தவும், படையை விட்டு ஓடிப்போகிறவர்களைப் பிடிக்கவும் 1716 ஜூலையில் ஓர் ஆணை போட்டார்கள். ஒவ்வொரு சிப்பாயின் பெயர், சொந்த ஊர், வயது, உயரம், முக அடையாளம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. போட்டோவோ கைரேகையோ இல்லாத காலத்தில் ஒரு நாட்டு ராணுவத்துக்கே போட்ட டேட்டாபேஸ் அது. அந்த ஆணை வந்து இரண்டரை மாதத்தில் துரெல் படையில் சேர்கிறார். சாதாரணச் சிப்பாயின் பெயரை யாரும் எழுதி வைக்காத காலம் முடிகிற வேளையில் சரியாக உள்ளே நுழைந்தவர் அவர்.

மார்பில் குண்டு, தலையில் ஆறு வெட்டு

சேர்ந்த முதல் பதினாறு, பதினேழு வருடம் பிரான்சுக்குப் பெரிய போர் அதிகம் இல்லை. 1733இல் போலந்து நாட்டு அரியணை யாருக்கு என்ற தகராறில் ஐரோப்பா மறுபடி பற்றிக்கொண்டது. ரைன் ஆற்றின் அக்கரையில் இருந்த கேல் கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டது. அங்கேதான் துரெலின் மார்பில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது.

அந்தக் காலத்து மஸ்கெட் குண்டு என்பது கோலிக்குண்டு சைஸில் இருக்கும் ஈய உருண்டை. மயக்க மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது, கருவியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற அறிவே அப்போது கிடையாது. மார்பில் குண்டு வாங்கியவன் பிழைப்பது அபூர்வம். துரெல் பிழைத்தார். பிழைத்து, வீட்டுக்குப் போகாமல் மறுபடி வரிசையில் வந்து நின்றார்.

அடுத்து ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். 1745 மே 11ஆம் தேதி ஃபோன்டனுவாவில் பிரான்சுக்குப் பெரிய வெற்றி. பதினைந்தாம் லூயியே நேரில் களத்தில் இருந்தார். பாடப் புத்தகத்தில் அந்த நாள் வெற்றி நாள். துரெல் வீட்டுக்கு? அதே போரில் அவருடைய சகோதரர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஒரே நாளில், ஒரே களத்தில் மூணு பேர். அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்ததுதான் நான் முதலில் சொன்ன சுவர் ஏறிய கதை. மூணு பேரைப் பறிகொடுத்த பிறகும் பெயர் கூப்பிடும்போது நான் இருக்க வேண்டும் என்று சுவர் ஏறிய மனுஷன் அவர் என்று தெரிந்த பிறகு அந்தக் கதை எனக்கு முன்னே மாதிரி சிரிப்பாக இல்லை.

1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. 1759 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஜெர்மனியில் மிண்டென் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை பிரிட்டன் மற்றும் ஜெர்மானியக் கூட்டுப்படையிடம் தோற்றது. அன்றைக்கு துரெலுக்கு ஏழு வாள் வெட்டு. அதில் ஆறு தலையில். வயது அறுபது. நம்ம ஊரில் ரிட்டையர்மென்ட் வயசு. அதிலிருந்தும் எழுந்து வந்தார்.

இதே போருக்கு நம்ம மண்ணிலும் ஒரு முனை இருந்தது. மிண்டென் முடிந்து ஆறு மாதத்துக்குள், 1760 ஜனவரியில், நம்ம வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்கள் என்று ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதுவும் துரெலின் தலையில் விழுந்த வெட்டும் ஒரே சண்டையின் இரண்டு ஓரங்கள்.

இருந்ததற்கு ஒரு பதக்கம்

இப்போ பதக்கம் விஷயத்துக்கு வருவோம்.

அதுவரை பிரான்சில் வீரத்துக்குக் கௌரவம் என்றால் அது அதிகாரிகளுக்குத்தான். 1693இல் பதினான்காம் லூயி தொடங்கிய செயின்ட் லூயி விருது உண்டு. ஆனால் அதிகாரிக்கு மட்டும். சாதாரணச் சிப்பாய் எத்தனை வெட்டு வாங்கினாலும் மார்பில் குத்திக்கொள்ள ஒன்றும் கிடையாது. இன்னொரு பக்கம், ராணுவத்தை விட்டு ஓடிப்போகிறவர்கள் தொல்லை தாங்கவில்லை. பழகிய சிப்பாயை எப்படிப் பிடித்து வைப்பது? கார்ப்பரேட் மொழியில் சொன்னால் ரிட்டென்ஷன் பிரச்சனை.

1771 ஏப்ரலில் பதினைந்தாம் லூயியின் ஆணை வந்தது. கணக்கு ரொம்ப சிம்பிள். 8 ஆண்டு சேவை முடித்தால் இடது கையில் ஒரு பட்டை. 16 ஆண்டு முடித்தால் இரண்டு பட்டை. 24 ஆண்டு முடித்தால் மார்பில் ஒரு பதக்கம். முட்டை வடிவத்தில், சிவப்புத் துணிப் பின்னணியில் குறுக்காக வைத்த இரண்டு வாள்கள். அதனால் அதற்கு இரட்டை வாள் பதக்கம் என்று பெயர். போரில் என்ன சாதித்தாய் என்ற கேள்வியே அதில் கிடையாது. இத்தனை வருடம் இருந்தாயா? இருந்தேன். அவ்வளவுதான். சாதாரணச் சிப்பாயின் மார்புக்கு என்றே ஐரோப்பாவில் செய்யப்பட்ட ஆரம்பகாலப் பதக்கங்களில் ஒன்று இது.

பிற்காலத்தில் இந்த யோசனை எல்லா ஊருக்கும் பரவியது. பிரிட்டன் 1830இல் நீண்ட சேவை, நன்னடத்தைப் பதக்கம் தொடங்கியது. நம் இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு என்று மூன்று நீண்ட சேவைப் பதக்கங்கள் இருக்கின்றன.

இதை எழுதும்போது எங்க பெரியப்பா ஞாபகம் வருது. எங்க ஊர் வேலூர் பக்கம். அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டிலாவது மிலிட்டரி ஆள் இருப்பாங்க. சின்ன வயசுல அவரோட ட்ரங்க் பெட்டியைத் திறந்து பதக்கங்களை எடுத்து, இது எந்தப் போர், இது எந்தப் போர்னு ஒவ்வொண்ணா கேட்டேன். 9 வருஷப் பதக்கமும் 20 வருஷப் பதக்கமும் கையில வந்தப்போ, இது போருக்கு இல்லடா, இருந்ததுக்குன்னு சொன்னார். எனக்கு ஒரே ஏமாற்றம். சும்மா இருந்ததுக்கா ஒரு மெடல்னு நினைச்சேன். ஸ்கூல்ல ஃபுல் அட்டெண்டன்ஸுக்கு சோப்பு டப்பா கொடுப்பாங்களே, அந்த மாதிரின்னு.

சரி, துரெலுக்குத் திரும்புவோம். அந்த ஆணை வந்த 1771இல் அவர் ஏற்கனவே கிட்டத்தட்ட 55 வருடம் முடித்திருந்தார். 24ஆல் வகுத்துப் பாருங்கள். பதக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே இரண்டு பதக்கத்துக்குத் தகுதியாகிவிட்ட மனுஷன்!

மகனும் போனான்

துரெலுக்குக் கல்யாணமாகி ஒரு மகன் இருந்தான். அவனும் அதே ரெஜிமென்ட். அதிலும் அப்பா இருந்த அதே கம்பெனி. ஒரே ஒரு வித்தியாசம்: மகன் கார்ப்ரல், அப்பா சாதாரணச் சிப்பாய். அதாவது பதவிப்படி பார்த்தால் மகன்தான் அப்பாவுக்கு மேல். நம்ம வீட்டில் இப்படி நடந்தால் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலைக்குப் போராடிய காலம் அது. அமெரிக்கர்களுக்கு உதவ பிரான்ஸ் கடல் கடந்து படை அனுப்பியது. தூரேன் ரெஜிமென்ட்டும் போனது. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்த முற்றுகையில் அந்த ரெஜிமென்ட் இருந்தது. அடுத்த ஆண்டு 1782 ஏப்ரல் 12ஆம் தேதி, கரீபியன் கடலில் செயின்ட்ஸ் தீவுகளுக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சுக் கடற்படையை நொறுக்கியது. அந்தச் சண்டையில் மகன் இறந்துபோனான்.

அப்போது அப்பாவுக்கு வயது 83. மூன்று சகோதரர்கள், இப்போது மகன். வேறு யாராவது இருந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். துரெல் போகவில்லை. போவதற்கு வேறு வீடு என்று அவருக்கு ஒன்று மிச்சம் இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். அறுபத்தைந்து வருடத்துக்கும் மேல் அவர் சாப்பிட்டது, தூங்கியது, அழுதது எல்லாம் அந்த ரெஜிமென்ட்டுக்குள்தான்.

வண்டி வேண்டாம், நடக்கிறேன்

1787இல் தூரேன் ரெஜிமென்ட்டுக்குக் கடற்கரைக்குப் போய்க் கப்பலேற உத்தரவு வந்தது. பல நாள் நடை. 88 வயதுக் கிழவரை எப்படி நடக்க வைப்பது என்று ஒரு கோச் வண்டி ஏற்பாடு செய்தார்கள். இதுவரை வாழ்க்கையில் வண்டியில் போனதே இல்லை, இப்போதும் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். மற்ற சிப்பாய்களோடு சேர்ந்து முழுத் தூரமும் நடந்தார்.

நாம செகண்ட் ஃப்ளோர் லேபுக்கு லிஃப்ட் வரலைன்னா கிளாஸ் கட் அடிக்கிற ஆளுங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

இந்த நடைப்பயணச் செய்தியோடு அவருடைய பெயர் அரண்மனை வரைக்கும் போனது. 1787 நவம்பர் 8ஆம் தேதி வெர்சாயில் பதினாறாம் லூயி முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மன்னருக்கு வயது 33. எதிரே நின்ற சிப்பாய்க்கு 89. மன்னர் அவரை அப்பா என்றே அழைத்துப் பேசினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: செயின்ட் லூயி விருது வேண்டுமா, மூன்றாவது இரட்டை வாள் பதக்கம் வேண்டுமா?

அந்தக் கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். செயின்ட் லூயி விருது அதிகாரிகளுக்கானது. இதற்கு ஆறு வருடம் முன்னால்தான், 1781இல், நான்கு தலைமுறை பிரபு வம்சம் என்று நிரூபித்தால்தான் நேரடியாக அதிகாரி ஆகலாம் என்று பிரான்சில் சட்டமே போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், வம்சப் பெருமை எதுவும் இல்லாத ஒரு சிப்பாயிடம் மன்னரே அதிகாரிகளின் விருதை நீட்டுகிறார். யாராக இருந்தாலும் ரெண்டு கையாலும் வாங்கியிருப்பார்கள்.

துரெல் பதக்கத்தைக் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: மன்னரே தன் கையால் அதை மார்பில் அணிவிக்க வேண்டும். மன்னர் சம்மதித்து அணிவித்தார். மன்னரின் தம்பி ஆர்த்துவா பிரபு தன் வாளையே கொடுத்தார். அரசவைப் பெண்கள் அவர் பாரிசில் இருக்கும் நாட்களுக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்தார்கள். (பாவம், மறுபடியும் வண்டி!) ஆண்டுக்கு 300 லீவ்ர் ஓய்வூதியமும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஆந்த்வான் வெஸ்தியே என்ற ஓவியர் அவரை வரைந்தார். அந்தக் காலத்தில் உருவப்படம் என்றால் பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான். அதில் ஒரு சாதாரணச் சிப்பாய் மார்பில் மூன்று ஓவல் பதக்கங்களோடு இருக்கிறார். நெட்டில் தேடினால் கிடைக்கும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏன் புரமோஷன் வாங்கவில்லை?

பதவி உயர்வு வந்தபோதெல்லாம் அவர் வேண்டாம் என்று மறுத்ததாகச் சொல்கிறார்கள். ஏன் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். பேராசையில்லாதவர் என்று புகழலாம்; பிழைக்கத் தெரியாதவர் என்று நம்ம வாட்ஸ்அப் மாமாக்கள் மாதிரி தலையிலடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

எனக்குப் படுவது வேறு. மன்னர் முன்னால் அவர் எடுத்த முடிவைப் பாருங்கள். செயின்ட் லூயி விருதை வாங்கியிருந்தால் அவர் அதிகாரிகளின் வரிசையில் கடைசி ஆள். இரட்டை வாள் பதக்கத்தோடு அவர் சிப்பாய்களின் வரிசையில் முதல் ஆள். எந்த வரிசையில் தன் சகோதரர்கள் நின்று செத்தார்களோ அந்த வரிசையின் பதக்கம் அது. மன்னர் கையால் அதைக் குத்த வைத்ததன் மூலம், சிப்பாயின் பதக்கமும் மன்னர் குனிந்து அணிவிக்கும் அளவு உசத்திதான் என்று வாயைத் திறந்து பேசாமலே சொல்லிவிட்டார்.

அதே நேரம் இதை வெறும் ஆஹா ஓஹோ கதையாக முடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. எழுபது வருட உழைப்பு, ஒரு குண்டு, ஏழு வெட்டு, குடும்பத்தில் நாலு உயிர். அதற்குக் கிடைத்தது மூன்று உலோகத் துண்டும், வயது 89இல் ஓர் ஓய்வூதியமும். ஒரு சாமானியனின் விசுவாசத்துக்கு ராஜாங்கம் போட்ட விலை அது. அவர் சண்டை போட்ட போர்கள் எதுவும் அவர் கேட்டு வந்தவை அல்ல. அந்தக் கணக்கையும் மனசில் வைத்துக்கொண்டுதான் அவரை மதிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மன்னர் போனார், சிப்பாய் இருந்தார்

வெர்சாய் சந்திப்பு நடந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவருக்குப் பதக்கம் அணிவித்த பதினாறாம் லூயி 1793 ஜனவரியில் கில்லட்டினில் தலையிழந்தார். முடியாட்சி போனது, குடியரசு வந்தது. மன்னர்கள் கொடுத்த விருதுகளுக்கெல்லாம் மதிப்பில்லாமல் போனது. பிறகு நெப்போலியன் வந்தார். 1802இல் லீஜியன் ஆஃப் ஹானர் என்ற புது விருதைத் தொடங்கினார். பிரபுவா சிப்பாயா என்று பார்க்காமல் தகுதிக்குக் கொடுப்போம் என்பது அதன் அடிப்படை. 1804 அக்டோபரில் அந்த விருது துரெலுக்குக் கிடைத்தது. கூடவே 1,200 பிராங்க் ஓய்வூதியம். வயது 106!

விருது கொடுக்கும் ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டும் மாறவே இல்லை.

1807 மார்ச் 10ஆம் தேதி, தூர் நகரத்தில், சில நாள் உடம்பு சரியில்லாமல் இருந்து ழான் துரெல் இறந்தார். 108 வயது. குண்டும் வாளும் முடிக்க முடியாததை முதுமை மெதுவாக வந்து முடித்தது.

நாமெல்லாம் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல பிளேஸ்மென்ட்ல உட்காரப்போறோம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறினாத்தான் ஹைக் கிடைக்கும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. அது தப்புன்னு நான் சொல்ல வரல. துரெல் மாதிரி ஒரே இடத்துல 75 வருஷம் இருங்கன்னு யாரும் யாருக்கும் அட்வைஸ் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த ட்ரங்க் பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னேன். இந்தத் தடவை போர் பத்திக் கேக்கல. அந்த 20 வருஷத்துல எத்தனை பொங்கலுக்கு வீட்ல இருந்தீங்க பெரியப்பான்னு கேட்டேன். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சார். ஒரு கையிலேயே கணக்கு முடிஞ்சுபோச்சு. அந்த 20 வருஷப் பதக்கத்தை துணியால துடைச்சு, நானே பெட்டிக்குள்ள மேலாக வெச்சு மூடினேன்.